4எஸ்¹ என்று முடிந்தால் அது யார்? எலக்ட்ரான் அமைப்பிலிருந்து தனிமத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் எங்கள் மாலை வகுப்பு நடக்கும் வீட்டில் பாதித் திண்ணை பூண்டுக்கு, மீதிப் பாதி எங்களுக்கு. ஒரு பக்கம் வீட்டுக்கார அம்மா காய்ந்த பூண்டின் தாளை அறுத்துத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஆறேழு பேர், ஒரு கரும்பலகை, நான். அன்றைக்குப் பலகையில் ஒரு எலக்ட்ரான் அமைப்பை எழுதி, முன்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டேன். தெரிந்தது கடைசித் துண்டு மட்டும்: 4எஸ்¹. "இது எந்தத் தனிமம்?"

"பொட்டாசியம் சார்!" எல்லாரும் ஒரே குரலில்.

கையை எடுத்தேன். மறைந்திருந்தது 3டி¹⁰. தாமிரம். கவுஞ்சியிலிருந்து வரும் பையன், "மறைச்சு வச்சிக்கிட்டுக் கேட்டா எப்படி சார்?" என்று முறைத்தான். நியாயமான கேள்விதான். ஆனால் தேர்வில் யாரும் எதையும் மறைப்பதில்லை. எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துத்தான் கேட்கிறார்கள். கடைசித் துண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் சொல்கிறவர்கள் நாம்தான்.

4எஸ்¹ என்று முடிகிற நடுநிலை அணுக்கள் மூன்று: பொட்டாசியம், குரோமியம், தாமிரம். எலக்ட்ரானை இழந்த அல்லது வாங்கிய அணுக்களான அயனிகளையும் சேர்த்தால் இன்னும் சில உண்டு. அவற்றில் ஒன்றை இதே மலையில் நூறு வருடத்துக்கு மேலாகப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறை இதுதான்: முதலில் கூட்டு, அப்புறம் தனிம வரிசை அட்டவணையில் இடம் பார், இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் பெயர் சொல். கூட்டல் பெயரைத் தரும். இடம் அந்தப் பெயரைச் சரிபார்க்கும். இரண்டும் முட்டிக்கொண்டால் கேள்வியில் ஏதோ ஒரு பொறி இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சின்னக் குறிப்பு. அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களான ஆர்பிட்டால்களின் எழுத்துகளை இங்கே எஸ், பி, டி, எஃப் என்று ஒலிப்பிலேயே எழுதுகிறேன். புத்தகத்தில் சிறிய ஆங்கில எழுத்தில் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

எழுதியிருப்பதைப் படிப்பது

2பி⁴ என்று இருந்தால் அதில் மூன்று செய்தி இருக்கிறது. முன்னால் உள்ள 2, எலக்ட்ரான் இருக்கும் கூட்டின் (ஷெல்லின்) எண். நடுவில் உள்ள பி துணைக்கூட்டின் வகை. தலைமேல் உள்ள 4 அதில் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. முன்னால் உள்ள எண்ணையும் மேலே உள்ள எண்ணையும் குழப்பிக்கொண்டு 2+4=6 என்று கூட்டுகிற பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். கூட்ட வேண்டியது மேலே உள்ளதை மட்டும்.

எஸ் துணைக்கூட்டில் அதிகபட்சம் 2 எலக்ட்ரான்கள், பி-யில் 6, டி-யில் 10, எஃப்-பில் 14. முதல் கூட்டில் எஸ் மட்டும் உண்டு. இரண்டாவதில் பி சேரும், மூன்றாவதில் டி, நான்காவதில் எஃப். ஆகவே 2டி என்றோ 3எஃப் என்றோ 2பி⁷ என்றோ கண்ணில் பட்டால் அப்படி ஒரு அணுவே கிடையாது. "பின்வருவனவற்றுள் சாத்தியமில்லாதது எது?" என்ற கேள்விக்கு இவ்வளவு தெரிந்தாலே போதும்.

இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று எப்போதும் ஒருவர் கேட்பார். நிறமாலைக் கோடுகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை: ஷார்ப், பிரின்சிபல், டிஃபியூஸ், ஃபண்டமென்டல். கோடு கூர்மையாக இருந்ததா, மங்கிப் பரவியிருந்ததா என்று பார்த்து வைத்த பெயரின் முதல் எழுத்துகள். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்.

நிரம்பும் வரிசை இது: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி, 7எஸ், 5எஃப், 6டி, 7பி.

இதை விளக்க ஒருமுறை பூம்பாறையின் படிக்கட்டு வயலைக் காட்டினேன். பாத்தி பாத்தியாக நிரம்புவது போல என்று ஆரம்பித்ததும், "தண்ணி மேல் பாத்தியில நெறஞ்சுதானே சார் கீழ இறங்கும்? எலக்ட்ரான் கீழ இருந்து மேல போகுதே?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். உவமை அங்கேயே கவிழ்ந்தது. அதிலிருந்து உவமைக்கே போவதில்லை, கணக்குதான். கூட்டின் எண்ணோடு எழுத்தின் மதிப்பைக் கூட்டு (எஸ் 0, பி 1, டி 2, எஃப் 3). கூட்டுத்தொகை குறைவானது முதலில் நிரம்பும். சமமாக வந்தால் கூட்டெண் சிறியது முதலில். 4எஸ் என்றால் 4+0=4, 3டி என்றால் 3+2=5. அதனால்தான் 3டி-க்கு முன்னால் 4எஸ்.

சில புத்தகங்கள் 3டி-யை முன்னால் எழுதும், சில 4எஸ்-ஸை. கூட்டும்போது இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

முதல் வேலை: கூட்டு

நடுநிலை அணுவில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் அணு எண்ணும் சமம். இவ்வளவுதான் முழு ரகசியமும்.

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁴. கூட்டினால் 2+2+6+2+4=16. அணு எண் 16, கந்தகம். திண்ணையின் மறுபாதியிலிருந்து மூக்கைத் துளைக்கிற வாசனை இந்த அணு சேர்ந்த சேர்மங்களின் வேலை. பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசினில் மூலக்கூறுக்கு இரண்டு கந்தக அணுக்கள் இருக்கின்றன.

நீளமான அமைப்புகளைச் சுருக்கி எழுத முன்னால் உள்ள மந்த வாயுவை அடைப்புக்குறியில் போடுவார்கள். ஆறு எண்கள் மனப்பாடமாக இருந்தால் போதும்: ஹீலியம் 2, நியான் 10, ஆர்கான் 18, கிரிப்டான் 36, செனான் 54, ரேடான் 86. கந்தகத்தை [நியான்] 3எஸ்² 3பி⁴ என்று எழுதலாம். 10+2+4=16.

[ஆர்கான்] 3டி⁶ 4எஸ்² என்றால் 18+6+2=26, இரும்பு. [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி⁵ என்றால் 36+10+2+5=53, அயோடின்.

எண் கிடைத்துவிட்டது, பெயர் தெரியவில்லை என்றால்? இதற்குக் குறுக்கு வழி கிடையாது. முதல் 36 தனிமங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மலைப்பாதையில் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தால் ஒரே வாரம்தான். வத்தலகுண்டிலிருந்து ஏறுகிற நேரத்துக்குப் பத்துத் தடவை சொல்லலாம்.

இரண்டாவது வேலை: இடம் பார்

அட்டவணையில் கிடையாக ஓடுவது வரிசை, மேலிருந்து கீழாக இறங்குவது தொகுதி. எஸ், பி, டி, எஃப் என்ற நான்கு பெரும் பிரிவுகளையும் நம் பாடநூல் 'தொகுதி' என்றே சொல்கிறது. "1ஆம் தொகுதி", "எஸ் தொகுதி" இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் பிள்ளைகள் திணறுவது அவர்கள் குற்றமில்லை. இங்கே பெரும் பிரிவை பிளாக் என்றே சொல்கிறேன்.

வரிசை எண்: அமைப்பில் வரும் மிகப் பெரிய கூட்டெண். கந்தகத்தில் அது 3, ஆக மூன்றாவது வரிசை. இரும்பில் 3டி-யும் இருக்கிறது, 4எஸ்-ஸும் இருக்கிறது. பெரியது 4, ஆக நான்காவது வரிசை.

பிளாக்: நிரம்பும் வரிசைப்படி கடைசி எலக்ட்ரான் எந்த எழுத்தில் நுழைந்ததோ அது. இரும்பை எழுதும்போது 4எஸ் கடைசியில் நின்றாலும், நிரம்பிக்கொண்டிருப்பது 3டி. ஆகவே டி பிளாக்.

தொகுதி எண் பிளாக்கைப் பொறுத்தது. எஸ் பிளாக்கில் வெளி எஸ்-ஸில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையே தொகுதி எண். டி பிளாக்கில் டி எலக்ட்ரான்களையும் வெளி எஸ் எலக்ட்ரான்களையும் கூட்டினால் வரும். இரும்புக்கு 6+2=8. பி பிளாக்கில் வெளி எஸ், பி இரண்டையும் கூட்டி அதோடு 10 சேர்க்க வேண்டும். கந்தகத்துக்கு 2+4+10=16. கந்தகத்தின் அணு எண்ணும் 16, தொகுதி எண்ணும் 16 என்று அமைந்தது தற்செயல். அதைப் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒண்ணுதானா சார்?" என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை. அயோடினுக்கு அணு எண் 53, தொகுதி 17.

எஃப் பிளாக் முழுவதையும் 3ஆம் தொகுதியில் சேர்ப்பது பள்ளிப் பாடத்து வழக்கம்.

எஸ் பிளாக்கில் ஒரே ஒரு அணு இந்த விதிக்குள் அடங்காது: ஹீலியம், 1எஸ்². எஸ் பிளாக், இரண்டு எலக்ட்ரான், ஆக 2ஆம் தொகுதி என்று கணக்கு சொல்லும். ஆனால் முதல் கூட்டு அத்தோடு நிரம்பிவிடுவதால் குணத்தில் அது மந்த வாயு. 18ஆம் தொகுதியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கூட்டி வந்த எண் சரிதானா என்று பார்க்க ஒரு வழி. நான்காவது வரிசையில் 19, 20 எஸ் பிளாக், 21 முதல் 30 வரை டி, 31 முதல் 36 வரை பி. ஐந்தாவது வரிசையில் 37, 38 எஸ், 39 முதல் 48 வரை டி, 49 முதல் 54 வரை பி. ஆறாவதில் 55, 56 எஸ், 57 முதல் 71 வரை லாந்தனைடுகள் (எஃப் பிளாக்), 72 முதல் 80 வரை டி, 81 முதல் 86 வரை பி. 53 என்று கூட்டிவிட்டு டி பிளாக் என்று எழுதியிருந்தால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

குரோமியமும் தாமிரமும்

விதிப்படி 24ஆவது தனிமம் [ஆர்கான்] 3டி⁴ 4எஸ்² என்று இருக்க வேண்டும். உண்மையில் குரோமியம் [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹. 29ஆவது 3டி⁹ 4எஸ்² என்று இருக்க வேண்டும். தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹. டி பாதி நிரம்பினாலும் முழுதாக நிரம்பினாலும் பரிமாற்ற ஆற்றல் கூடி நிலைப்புத்தன்மை அதிகமாகிறது, 4எஸ்-ஸுக்கும் 3டி-க்கும் ஆற்றல் இடைவெளியோ சிறியது. அதனால் ஓர் எலக்ட்ரான் இடம் மாறிவிடுகிறது.

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தாமிரத்தைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலைத்துரு நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவை அதுதான். ஒரு சதவீதக் கலவைக்கு நூறு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம், சுண்ணாம்பில் இருப்பது கால்சியம். ஒரே டிரம்முக்குள் 4எஸ்¹ ஒன்றும் 4எஸ்² ஒன்றும். கலவைக்குள் இரண்டுமே அயனிகளாகத்தான் இருக்கின்றன, அந்தக் கதை பிறகு.

கூட்டிப் பார்க்கிறவருக்குக் குரோமியமும் தாமிரமும் விதிவிலக்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். 18+5+1=24, 18+10+1=29. தொகுதி எண்ணும் சரியாக 6, 11 என்று வந்துவிடும். எண்ணிலிருந்து அமைப்பை எழுதச் சொன்னால்தான் இவை தொல்லை. அமைப்பிலிருந்து தனிமத்தைச் சொல்வதற்கு விதிவிலக்குப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையான முரண்டு பல்லேடியம். அமைப்பு [கிரிப்டான்] 4டி¹⁰. கூட்டினால் 46. பெரிய கூட்டெண் 4 என்பதால் நான்காவது வரிசை என்று இடவிதி சொல்லும். ஆனால் பல்லேடியம் இருப்பது ஐந்தாவது வரிசையில். 5எஸ்-ஸில் இருக்க வேண்டிய இரண்டும் 4டி-க்குப் போய்விட்டன. கூட்டலும் இடமும் முட்டினால் கூட்டலை நம்பு என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தோரியமும் அப்படித்தான். [ரேடான்] 6டி² 7எஸ்² என்பதைப் பார்த்தால் டி பிளாக், 4ஆம் தொகுதி என்று தோன்றும். கூட்டினால் 90. அது ஆக்டினைடு, எஃப் பிளாக்கில் சேர்த்திருக்கிறார்கள், 5எஃப்-பில் ஒரு எலக்ட்ரான்கூட இல்லாதபோதும்.

இன்னொரு எச்சரிக்கை. "பாதி நிரம்பினால் நிலைப்பு" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் எலக்ட்ரானை நகர்த்தாதீர்கள். குரோமியத்துக்கு இரண்டு படி கீழே அதே தொகுதியில் இருக்கும் டங்ஸ்டன் [செனான்] 4எஃப்¹⁴ 5டி⁴ 6எஸ்² என்றே இருக்கிறது. 54+14+4+2=74.

வெளிக்கூட்டை மட்டும் கொடுத்தால்

"ஒரு தனிமத்தின் வெளிக்கூட்டு அமைப்பு 4எஸ்² 4பி⁵. அது எது?" பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்த வகைக் கேள்வியில்தான். போன வருடம் எட்டுப் பேரில் ஐந்து பேர் 18+2+5=25, மாங்கனீசு என்று எழுதினார்கள்.

கொடுக்காததை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். 4எஸ்-ஸுக்கும் 4பி-க்கும் நடுவில் 3டி இருக்கிறது. 4பி-யில் எலக்ட்ரான் வந்துவிட்டது என்றாலே 3டி நிரம்பிவிட்டது, அதில் 10. ஆகவே 18+10+2+5=35, புரோமின். இங்கேதான் இடவிதி கைகொடுக்கும்: பி பிளாக், 2+5+10=17ஆம் தொகுதி, நான்காவது வரிசை. மாங்கனீசு டி பிளாக்காயிற்றே, எப்படி ஒத்துவரும்?

5எஸ்² 5பி² என்றால் கிரிப்டான் 36, மறைந்திருக்கும் 4டி¹⁰, அப்புறம் 4. மொத்தம் 50, வெள்ளீயம். 6எஸ்² 6பி² என்றால் மறைந்திருப்பது இரண்டு: 4எஃப்¹⁴, 5டி¹⁰. 54+14+10+4=82, காரீயம். ஒரே தொகுதியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஈயங்களுக்கும் 32 வித்தியாசம்.

இங்கே பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். வெளிக்கூடு மட்டும் கொடுத்திருந்தால், பதில் எழுதுவதற்கு முன் பென்சிலால் முழு அமைப்பையும் ஓரத்தில் எழுது. இருபது வினாடி ஆகும். அந்த இருபது வினாடியை மிச்சம் பிடிக்கிறவர்தான் மாங்கனீசு எழுதுகிறார்.

கூடு வாரியாகக் கொடுத்தால்

பத்தாம் வகுப்பு வரை 2, 8, 8, 1 என்ற பாணியில்தான் பார்த்திருப்போம். இதுவும் கூட்டல்தான்: 19, பொட்டாசியம். விருப்பாச்சி மலைவாழைப்பழத்தைச் சாப்பிடும்போது உள்ளே போவது இது, ஆனால் அந்த வெளி எலக்ட்ரானைப் பறிகொடுத்த அயனியாக.

2, 8, 18, 32, 18, 2 என்று வந்தால் மொத்தம் 80. பாதரசம். விரித்தால் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்². எல்லாத் துணைக்கூடும் நிரம்பி, வெளியே 6எஸ்²-உம் உட்கருவால் இறுக்கமாகப் பிடித்துவைக்கப்பட்டிருப்பதால், பாதரச அணுக்கள் ஒன்றையொன்று வலுவாகப் பற்றிக்கொள்வதில்லை. அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் அதனால்தான். கொடைக்கானல்காரர்களுக்கு இந்தத் தனிமம் பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. இங்கே இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டதும், பாதரசக் கழிவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியதும் என் மாணவர்களின் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

குவாண்டம் எண்ணைக் கொடுத்தால்

"கடைசி எலக்ட்ரானின் முதன்மைக் குவாண்டம் எண் 3, கோண உந்தக் குவாண்டம் எண் 1." கோண உந்த எண் 0 என்றால் எஸ், 1 பி, 2 டி, 3 எஃப். ஆக இது 3பி. அலுமினியம் 13 முதல் ஆர்கான் 18 வரை ஆறு பேரில் யாராகவும் இருக்கலாம். இன்னொரு துப்பு கொடுத்தே ஆக வேண்டும். "தனித்த எலக்ட்ரான்கள் மூன்று" என்று சேர்த்தால் 3பி³, பாஸ்பரஸ். பி-யின் மூன்று ஆர்பிட்டால்களிலும் ஒவ்வொன்றாக அமர்ந்த பிறகுதான் ஜோடி சேரும் என்ற ஹுண்ட் விதி இங்கே உதவுகிறது. தனித்தவை இரண்டு என்றால் சிலிக்கானும் வரும், கந்தகமும் வரும். அப்போது கேள்வியில் மூன்றாவது துப்பைத் தேடுங்கள்.

அயனி: கூட்டலையும் ஏமாற்றும் இடம்

கூட்டலை நம்பு என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அது நடுநிலை அணுவுக்கு. அயனி என்றால் கூட்டிய பிறகு மின்சுமையைச் சரிசெய்ய வேண்டும். நேர்மின் அயனி எலக்ட்ரானை இழந்தது, இழந்ததைத் திரும்பக் கூட்டு. எதிர்மின் அயனி வாங்கியது, வாங்கியதைக் கழி.

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶. மொத்தம் 18. மின்சுமை சொல்லாவிட்டால் ஆர்கான். 2− என்றால் 16, கந்தகம். 1− என்றால் 17, குளோரின். 1+ என்றால் 19, பொட்டாசியம். 2+ என்றால் 20, கால்சியம். ஐந்து பேருக்கும் ஒரே சட்டை. ஆகவே கேள்வியின் தலைமேல் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அச்சில் அது சின்னதாகத்தான் இருக்கும்.

டி பிளாக்கில் இன்னும் ஒன்று சேரும். நிரம்பும்போது 4எஸ் முதலில், ஆனால் இழக்கும்போதும் 4எஸ்தான் முதலில் போகும். இரும்பு [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². 2+ அயனி 3டி⁶, 3+ அயனி 3டி⁵. "3+ அயனியின் அமைப்பு [ஆர்கான்] 3டி⁵, தனிமம் எது?" 18+5=23, அதோடு 3. 26, இரும்பு. அதே 3டி⁵-ஐ 2+ என்று கொடுத்தால் 25, மாங்கனீசு. [ஆர்கான்] 3டி⁹ என்று 2+ அயனியைக் கொடுத்தால் 27+2=29. போர்டோ கலவையின் நீலத்துக்குக் காரணமான தாமிர அயனி.

ஒரு அடையாளம் சொல்கிறேன். [ஆர்கான்]-க்குப் பிறகு 3டி மட்டும் இருந்து 4எஸ் இல்லவே இல்லை என்றால், பெரும்பாலும் அயனியைத்தான் கொடுத்திருக்கிறார்கள். மின்சுமையைத் தேடுங்கள்.

கிளர்வுற்ற அணு

1எஸ்² 2எஸ்² 2பி⁵ 3எஸ்¹. கடைசித் துண்டை மட்டும் பார்க்கிறவர் சோடியம் என்பார். கூட்டுங்கள்: 10. நியான். 2பி-யில் இருந்த ஓர் எலக்ட்ரான் ஆற்றலை வாங்கிக்கொண்டு 3எஸ்-ஸுக்கு ஏறியிருக்கிறது. கீழே ஓர் இடம் காலியாக இருக்கும்போதே மேலே ஒருவர் உட்கார்ந்திருந்தால், பல்லேடியம், தாமிரம், தோரியம் போன்ற டி, எஃப் பிளாக் முரண்டுகளைத் தவிர, அது கிளர்வுற்ற நிலைதான். தனிமம் மாறாது. எலக்ட்ரான் எங்கே ஏறினாலும் அணு எண் அணு எண்ணேதான்.

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3பி¹ என்பதைப் பார்த்து அலுமினியம் என்று எழுதியவரும் உண்டு, 3பி¹ என்று முடிகிறதே என்று. கூட்டினால் 11, கிளர்வுற்ற சோடியம். அந்த எலக்ட்ரான் 3பி-யிலிருந்து 3எஸ்-ஸுக்கு இறங்கும்போது வருவதுதான் 589 நானோமீட்டர் பக்கத்து மஞ்சள் ஒளி. எல்இடி வருவதற்கு முன் மூடுபனிக்குள் மங்கலாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் தெருவிளக்குகள் நினைவிருக்கிறதா? இறங்கிக்கொண்டிருந்தது இந்த எலக்ட்ரான்தான்.

கையில் பென்சிலோடு

நான்கு கணக்கு. விடையை மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

[செனான்] 4எஃப்⁷ 5டி¹ 6எஸ்². கூட்டினால் 54+7+1+2=64, கடோலினியம். 5டி¹-ஐப் பார்த்து டி பிளாக் என்று சொல்லியிருந்தால், 57 முதல் 71 வரை யாருடையது என்று மேலே பாருங்கள்.

3+ அயனி, 1எஸ்² 2எஸ்² 2பி⁶. 10+3=13, அலுமினியம்.

[ஆர்கான்] 3டி¹⁰, மின்சுமை 2+. 28+2=30, துத்தநாகம். இதையே 1+ என்று மாற்றிக் கேட்டால் மறுபடி தாமிரம்தான்.

ஐந்தாவது வரிசை, 1ஆம் தொகுதி என்று இடத்தை மட்டும் கொடுத்தால்? வெளியே 5எஸ்¹, அதற்கு முன்னால் முழு கிரிப்டான். 37, ருபீடியம். இதே 5எஸ்¹-க்கு முன்னால் 4டி¹⁰ இருந்திருந்தால் 47, வெள்ளி. திண்ணைக் கேள்வியின் அடுத்த மாடி இது.

அந்த நான்காவது 4எஸ்¹

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். அங்கே 1904 முதல் கால்சியத்தின் கே கோடு என்ற ஒளியில் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். 393.4 நானோமீட்டர், ஊதாவின் ஓரம்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கே கோடு என்றதும் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்: "கேன்னா பொட்டாசியம்தானே சார்?" பொட்டாசியத்தின் குறியீடு கே என்பது உண்மைதான். ஆனால் இந்த கே, சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்கு எழுத்துப் பெயர் சூட்டும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது. ஃபிரான்ஹோஃபர் 1814 வாக்கில் தொடங்கிவைத்த வழக்கம் அது. பொட்டாசியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆய்வகத்தில் கொடுத்த பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: [ஆர்கான்] 4எஸ்¹. சூரியனின் வெளி அடுக்குகளில் இருக்கும் சூட்டிலும் குறைந்த அழுத்தத்திலும் கால்சியம் அணு ஓர் எலக்ட்ரானை எளிதில் இழந்துவிடுகிறது. எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில் எத்தனை பங்கு அயனியாகும் என்று கணக்கிடும் சமன்பாட்டை மேகநாத் சாகா 1920இல் கொடுத்தார். மிஞ்சி நிற்கிற அந்த ஒற்றை 4எஸ் எலக்ட்ரான் 4பி-க்குத் தாவும்போது விழுங்கும் ஒளிதான் கே கோடு.

"இது பொட்டாசியம் மாதிரியே இருக்கே சார்" என்றான் கவுஞ்சிக்காரன். மாதிரிதான். அவன் பிரசுரத்தை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தான். 4எஸ்¹-க்கு மேல் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டான். 18+1 என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு +1 சேர்த்தான்.

"இருபது."

"பெயர்?"

"இன்னும் இடம் பார்க்கல சார், இருங்க."